ஸ்கேட்டிங் இடம் பறிபோகாமல் காப்பது எப்படி

ஊரின் நடுவே உள்ள ஒரு சதுக்கத்திலோ பெரிய கட்டடம் ஒன்றின் அடித்தளத்திலோ பல ஆண்டுகளாக இளைஞர்கள் ஸ்கேட்போர்டு ஓட்டி வருகிறார்கள். திடீரென்று ஒரு நாள் அங்கே தடை அறிவிப்பு வைக்கப்படுகிறது, அல்லது அந்த இடத்தைக் கடைகளாக மாற்றும் திட்டம் கவுன்சிலின் முன் வருகிறது. அப்போது எதை முதலில் செய்ய வேண்டும், எந்தச் சட்டம் கைகொடுக்கும், எதற்கு இணங்கிவிடக் கூடாது என்பவற்றை இங்கிலாந்தில் வாழும் ஸ்கேட்டர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் எழுதுகிறேன். சட்டம் பற்றிய பகுதிகள் இங்கிலாந்துக்கே உரியவை. மற்ற பகுதிகள் எந்த நகரத்துக்கும் பொருந்தும்.

வழிநெடுக நான் எடுத்துக்காட்டப் போவது லண்டன் தேம்ஸ் தென்கரையில், குயின் எலிசபெத் ஹாலுக்குக் கீழே உள்ள அடித்தளத்தை. 1967-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கின் கீழ், கட்டடக் கலைஞர்கள் எந்தக் குறிப்பிட்ட நோக்கமும் இல்லாமல் விட்டுவைத்த கான்கிரீட் சரிவுகளும் தூண்களும் இருந்தன. 1970-களின் முற்பகுதியில் அங்கே நுழைந்த ஸ்கேட்டர்கள் இன்றுவரை வெளியேறவில்லை. 2013 மார்ச்சில் அந்த அரங்கை நடத்தும் கலை அமைப்பான சவுத்பேங்க் சென்டர் 12 கோடி பவுண்டு செலவில் ஒரு விரிவாக்கத் திட்டத்தை அறிவித்தது. அடித்தளத்தைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வாடகைக்கு விட்டுத் திட்டத்தின் செலவில் ஒரு பகுதியை ஈட்டுவது, ஸ்கேட்டர்களுக்குச் சற்றுத் தள்ளி ஹங்கர்ஃபோர்டு பாலத்தின் அடியில் புதிய இடம் கட்டிக் கொடுப்பது என்பது ஏற்பாடு. ஒன்றரை ஆண்டுக்குள் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, ஸ்கேட்டிங் அங்கேயே தொடர்வதற்கு எழுத்துப்பூர்வமான உறுதி கிடைத்தது.

நிலம் யாருடையது என்று முதலில் அறிக

தடை அறிவிப்பைப் பார்த்ததும் கையெழுத்து வேட்டையில் இறங்குவதுதான் பெரும்பாலோரின் வழக்கம். அதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. நிலப் பதிவகத்தின் இணையதளத்தில் சில பவுண்டு கட்டணம் செலுத்தினால் அந்த மனையின் உரிமைப் பத்திரத்தையும் எல்லை வரைபடத்தையும் பெற்றுக்கொள்ளலாம். ‘பொது இடம்’ என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் பல இடங்கள் தனியாருக்குச் சொந்தமானவை என்பது அந்தப் பத்திரத்தைப் பார்த்த பிறகுதான் தெரியவரும். டவர் பாலத்துக்கு அருகே, முன்பு லண்டன் நகர மண்டபம் இயங்கிய ஆற்றங்கரைப் பகுதியும், கேனரி வார்ஃப் வணிகப் பகுதி முழுவதும் அத்தகையவை. அங்கே யார் உட்காரலாம், யார் படம் எடுக்கலாம், யார் சக்கரத்தில் போகலாம் என்பதை நில நிர்வாகமே முடிவு செய்கிறது. அந்த முடிவுக்கு எந்த வாக்காளரிடமும் அது பதில் சொல்ல வேண்டியதில்லை.

சவுத்பேங்கில் உரிமை பல அடுக்குகளாக இருந்தது. நிலம் இங்கிலாந்துக் கலை மன்றத்துக்குச் சொந்தமானது; சவுத்பேங்க் சென்டர் நீண்ட காலக் குத்தகைதாரர்; கட்டுமானத்துக்கான திட்ட அனுமதி வழங்கும் அதிகாரம் லாம்பெத் கவுன்சிலிடம் இருந்தது; அதற்கும் மேலே பெரிய திட்டங்களில் தலையிடும் அதிகாரம் லண்டன் மேயருக்கு உண்டு. இவற்றில் ஒவ்வொன்றும் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டிய ஒரு வாசல். 2014 ஜனவரியில் அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சன், ஸ்கேட்டிங் இப்போது நடக்கும் இடத்திலேயே தொடர வேண்டும் என்று தம் நிலைப்பாட்டைத் தெரிவித்த அடுத்த மாதமே திட்டம் நின்றுபோனது. குத்தகைதாரரிடம் மட்டும் மன்றாடிக்கொண்டிருந்தால் அந்த வாசல் திறந்திருக்காது.

தனியார் நிலம் என்றால் காவலாளி உங்களை வெளியேறச் சொல்லலாம்; மறுத்து நிற்பது அத்துமீறல். ஆனால் இங்கிலாந்தில் வெறும் அத்துமீறல் பொதுவாக உரிமையியல் சார்ந்த விவகாரமே தவிரக் குற்றம் ஆகாது, ஸ்கேட் பலகையைப் பறித்து வைத்துக்கொள்ளும் அதிகாரமும் காவலாளிக்குக் கிடையாது. இதை அமைதியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். காவலாளியோடு சண்டையிடும் ஒரு காணொளி உங்களுக்கு எதிரான ஆயிரம் மனுக்களுக்குச் சமம். அவரும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்தான்.

நிலம் கவுன்சிலுடையதாக இருந்தால் தடை பெரும்பாலும் பொது இடப் பாதுகாப்பு ஆணை என்ற வடிவில் வரும். 2014-ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டம் தந்த அதிகாரம் இது. அந்த நடத்தை வட்டாரத்தில் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தைக் கெடுக்கிறது, தொடர்ந்து நடக்கிறது, நியாயமற்றது என்று கவுன்சில் மனநிறைவு அடைந்திருக்க வேண்டும். ஆணை இடும் முன் கலந்தாலோசனை நடத்த வேண்டும். ஓர் ஆணை மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடிக்காது, நீட்டிக்க வேண்டுமானால் மறுபடியும் காரணம் காட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர் ஆறு வாரங்களுக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம். கலந்தாலோசனை தொடங்கியதுமே தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போடுங்கள்: கடந்த சில ஆண்டுகளில் அந்த இடத்தைப் பற்றி எத்தனை புகார்கள் வந்தன, அவை எதைப் பற்றியவை, பழுது பார்க்க எவ்வளவு செலவானது? 20 வேலை நாட்களுக்குள் கவுன்சில் பதில் தந்தாக வேண்டும். எண்கள் கைக்கு வந்த பின் பேசுவது வேறு, வராமல் பேசுவது வேறு.

சேதத்தைப் பற்றி நேர்மையாகப் பேசுங்கள்

ஸ்கேட்டர்களில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ‘நாங்கள் எதையும் உடைக்கவில்லை’ என்று கூட்டத்தில் சொன்னால் மறுநிமிடமே கவுன்சில் பொறியாளர் ஒரு புகைப்படத்தைக் காட்டுவார், அதோடு உங்கள் பேச்சு எடுபடாமல் போகும். ஆகவே சேதம் எப்படி நேர்கிறது என்பதை அவர்களைவிட நீங்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஓர் இருக்கையின் விளிம்பை அருகில் குனிந்து பாருங்கள். பலகையின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் டிரக் என்ற உலோகப் பாகம் அந்த விளிம்பில் உரசிக்கொண்டு போவதுதான் கிரைண்ட். வழுக்குவதற்காக முன்கூட்டியே மெழுகுவர்த்தி தேய்ப்பார்கள். உலோகத் தூளும் அழுக்கும் அந்த மெழுகில் ஒட்டி இரண்டு மூன்று விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டையாகப் படிகிறது. பலகையின் அடிப்பகுதியில் உள்ள சாயமும் அங்கங்கே ஒட்டிக்கொள்கிறது. இவையெல்லாம் சுரண்டிக் கழுவினால் போகக்கூடிய கறைகள். உண்மையான சேதம் முனையில் நடக்கிறது. கூர்மையான செங்கோண விளிம்பில் டிரக் ஏறி விழும்போது கான்கிரீட் என்றால் முனை பொடிந்து உள்ளிருக்கும் ஜல்லி தெரிய ஆரம்பிக்கும். ஒட்டிய கல் பலகை என்றால் மூட்டுத் திறந்து நீர் இறங்கி, குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து பிளவை அகலமாக்கும். கெட்டியான கருங்கல் பாளம் பல ஆண்டுகள் தாங்கும். கம்பியால் ஆன கைப்பிடிகள் வளையலாம், பூச்சு உரிந்து துரு ஏறலாம்.

இதைப் பிரித்துச் சொல்வதில் ஒரு பயன் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் குற்றச் சேதச் சட்டம், பிறருடைய சொத்தை வேண்டுமென்றோ பொறுப்பற்ற அலட்சியத்தாலோ சேதப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. கறை எது, தேய்மானம் எது, உடைப்பு எது என்று நீங்களே படம் எடுத்து, தேதியிட்டு, இடம் குறித்து வைத்திருந்தால், ‘இவர்கள் நாசக்காரர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட எவராலும் முடியாது. சரக்கு இறக்கும் வண்டி இடித்த முனையையும் உப்புத் தூவியதால் அரித்த படியையும் ஸ்கேட்டர்கள் கணக்கில் எழுதும் வழக்கமும் இருக்கிறது. உங்கள் படங்கள் அதையும் காட்டும்.

அடுத்து, பழுது பார்க்க முன்வாருங்கள், ஆனால் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கை வையுங்கள். பொடிந்த கான்கிரீட் முனையைச் சரிசெய்வது ஒரு வார இறுதி வேலை. தளர்ந்த துண்டுகளைத் தட்டி எடுத்துவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசியைத் துப்புரவாக நீக்கி, ஈரப்படுத்தி, பக்கவாட்டில் மரப்பலகையை அண்டக் கொடுத்து, கான்கிரீட் பழுதுக்கென்று விற்கும் கலவையை அடைத்து, குறிப்பிட்ட நாட்கள் க்யூரிங் (கலவை இறுகிக் கெட்டிப்படுவது) முடியும்வரை யாரும் ஓட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் உள்ள சிறு வெடிப்புகளுக்குக் கார்ப் பட்டறைகளில் பள்ளம் நிரப்பப் பூசும் பட்டியையே ஸ்கேட்டர்கள் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். முனை மறுபடி உடையாமல் இருக்க விளிம்பில் எல் வடிவ ஆங்கிள் இரும்பைப் பதிப்பதே நிரந்தரத் தீர்வு. கவுன்சில் அதே விளிம்பில் யாரும் உரசிப் போக முடியாதபடி தடுப்புக் குமிழ்களை வாங்கிப் பொருத்தச் செலவிடும் பணத்தோடு இந்த வேலைக்கு ஆகும் செலவை ஒப்பிட்டு, இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.

மெழுகு விஷயத்தில் உங்களுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு வேண்டும். மக்கள் உட்காரும் இருக்கையின் மேற்பரப்பிலும் நடந்து இறங்கும் படியிலும் மெழுகு தேய்க்கவே கூடாது. வயதானவர் ஒருவர் அதில் வழுக்கி விழுந்தால் அதற்கு எந்த வாதமும் விடையாகாது. பார்வையற்றவர்களுக்குச் சக்கரச் சத்தம் திடீரென்று அருகில் கேட்பது எவ்வளவு அச்சம் தரும் என்பதையும் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, எந்தப் பாதையை எப்போதும் காலியாக விட வேண்டும் என்று தரையிலேயே எல்லை குறித்துக்கொள்ளுங்கள். இரவு நேரச் சத்தம் நியாயமான புகார். கல்லில் பலகையின் வால் அறையும் ஒலி மேல்மாடி வீடுகளில் தெளிவாகக் கேட்கும். எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை நீங்களே முன்மொழிந்தால் மதிப்பு கூடும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு கேள்வியை நிமிர்ந்து கேட்கும் தகுதி உங்களுக்கு வந்துவிடுகிறது: இது கல்லைக் காப்பதற்கான தடையா, ஆட்களை விலக்குவதற்கான தடையா? லண்டனின் கேம்டன் கவுன்சில் 2012-இல் நிறுவிய கான்கிரீட் இருக்கை ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஸ்கேட்டிங், கிராஃபிட்டி ஆகியவற்றோடு வீடற்றவர்கள் படுத்து உறங்குவதையும் தடுக்கும்படி அதன் வளைவுகளும் சரிவுகளும் வடிவமைக்கப்பட்டன. உறங்குபவரால் இருக்கை உடைவதில்லை. ஆகவே உங்கள் ஊரில் தடுப்புக் குமிழ்கள் வரும்போது, இருக்கைகளின் நடுவே கைப்பிடிகளும் வருகின்றனவா என்று கவனியுங்கள். வந்தால் வீடற்றோருக்காகப் பணியாற்றும் அமைப்புகளும் உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள். எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் கவலை தருவது இதுவே: பணம் செலவழிக்காமல் ஓர் இடத்தில் நேரம் கழிக்கும் எவரையும் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் நகர நிர்வாகங்களில் வேரூன்றி வருகிறது.

பழக்கத்தை ஆவணமாக்குங்கள்

ஓர் இடத்தின் மீது உங்களுக்கு உள்ள உறவு எவ்வளவு பழையது என்பதைச் சட்டம் கேட்கும். பழைய புகைப்படங்கள், காணொளிகள், ஸ்கேட்டிங் இதழ்கள், முன்பு அங்கே ஓட்டி இப்போது நடுத்தர வயதை எட்டியவர்களின் ஒப்பமிட்ட வாக்குமூலங்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். வாக்குமூலத்தில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, வாரத்தில் எத்தனை நாள், வேறு யாரெல்லாம் வந்தார்கள் என்பன தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டு சட்ட வழிகள் இருக்கின்றன. முதலாவது 2011-ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டத்தின்படி அந்த இடத்தைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதிவு செய்யக் கோருவது. சவுத்பேங்க் அடித்தளம் 2013-இல் அப்படிப் பதிவானது. அந்தப் பதிவு கட்டுமானத்தைத் தானாக நிறுத்திவிடாது. விற்பனை வரும்போது உள்ளூர் அமைப்புக்கு அவகாசம் தருவதே அதன் நேரடிப் பயன். ஆயினும் திட்ட அனுமதியை ஆராயும்போது கருத்தில் கொள்ளத்தக்க காரணமாக அதைக் காட்டலாம்.

இரண்டாவது வழி கிராமப் பொதுத்திடல் என்ற பதிவு. பசும்புல் வெளிக்கான பழைய ஏற்பாடு இது என்றாலும், வட்டார மக்கள் குறைந்தது 20 ஆண்டுகள் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படுத்திய நிலம் என்பதுதான் 2006-ஆம் ஆண்டின் பொதுநிலச் சட்டம் கேட்கும் அடிப்படை. அந்தப் பயன்பாடு வலுக்கட்டாயமாகவோ மறைவாகவோ உரிமையாளரின் அனுமதியாலோ நடந்திருக்கக் கூடாது. இதில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. ‘இங்கே ஸ்கேட்டிங் எங்கள் அனுமதியோடு நடக்கிறது’ என்று ஓர் அறிவிப்புப் பலகை வைக்கப்பட்டால் அது நட்பாகத் தோன்றும், ஆனால் 20 ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே அது வந்துவிட்டால் அந்த நாளிலிருந்து கணக்கு அறுந்துவிடும். மேலும் 2013-இல் வந்த திருத்தத்தின்படி, அந்த நிலத்துக்கான திட்ட விண்ணப்பம் வெளியிடப்பட்டுவிட்டால் இந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. எனவே ஆபத்து வருவதற்கு முன்பே, எல்லாம் அமைதியாக இருக்கும் காலத்திலேயே ஆதாரங்களைத் தொகுத்துவிட வேண்டும்.

ஆட்சேபங்களைத் திரட்டும் முறை

சவுத்பேங்கில் ஸ்கேட்டர்கள் ‘லாங் லிவ் சவுத்பேங்க்’ என்ற பெயரில் ஒன்றுகூடி, அடித்தளத்தின் முன்னாலேயே ஒரு மேசை போட்டு நாள்தோறும் உட்கார்ந்தார்கள். வழியில் போன சுற்றுலாப் பயணியும் அலுவலகம் முடிந்து போனவரும் அங்கே நின்று, ஓட்டுபவர்களைப் பார்த்து, உறுப்பினராகப் பதிந்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் 1,50,000-க்கும் மேல். கவுன்சிலுக்குச் சென்ற தனித்தனி ஆட்சேபங்கள் மட்டும் 27,000-ஐத் தாண்டின.

மனுவுக்கும் ஆட்சேபத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். ஒரே மனுவில் பதினாயிரம் பேர் ஒப்பமிட்டாலும் திட்ட அலுவலர் அதை ஒரே வாதமாகவே எடைபோடுவார். ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரில், சொந்தச் சொற்களில் எழுதிய கடிதத்தை அலுவலர் தனியாகப் பரிசீலிக்க வேண்டும். ‘எனக்கு ஸ்கேட்டிங் பிடிக்கும்’ என்று எழுதுவதால் பயன் இல்லை. கவுன்சிலின் சொந்தத் திட்டக் கொள்கையில் விளையாட்டு இடங்களையும் பண்பாட்டு இடங்களையும் பாதுகாப்பதாக எந்தப் பத்தி சொல்கிறதோ அந்தப் பத்தியின் எண்ணைக் குறிப்பிட்டு, இந்தத் திட்டம் அதற்கு எப்படி முரணாகிறது என்று எழுத வேண்டும். பெற்றோர் எழுதும்போது தம் பிள்ளை அந்த இடத்தில் யாரோடு பழகுகிறது, வீட்டிலிருந்து எப்படிப் போகிறது, அது மூடப்பட்டால் வேறு எங்கே போகும் என்பவற்றைச் சேர்க்கலாம்.

கூட்டாளிகள் எல்லோரும் ஸ்கேட்டிங்கை நேசிப்பவர்களாக இருக்க வேண்டியதில்லை. சவுத்பேங்க் திட்டத்தைப் பக்கத்திலுள்ள நேஷனல் தியேட்டரும் எதிர்த்தது. புதிய கட்டடத்தின் உயரமும் பருமனும் தன் கட்டடத்தை அமுக்கிவிடும் என்பது அதன் கவலை. காரணம் வேறாக இருந்தாலும் எதிர்ப்பு ஒரே கோப்பில் சேர்ந்தது.

மாற்று இடம் தருகிறோம் என்றால்

பெரும்பாலான போராட்டங்கள் தோற்கும் இடம் இது. உரிமையாளர் பணிவாக வந்து, நல்ல வரைபடத்தோடு, ‘இதைவிடச் சிறந்த பூங்கா ஒன்றைக் கட்டித் தருகிறோம்’ என்பார். ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் முன் அமெரிக்க நகரமான ஃபிலடெல்ஃபியாவின் லவ் பார்க் என்ற சதுக்கத்தின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

நகரத் திட்டமிடலாளர் எட்மண்ட் பேக்கனின் கருத்தில் உருவாகி 1965-இல் அமைந்த அந்தச் சதுக்கத்தின் கருங்கல் விளிம்புகள் 1990-களில் உலக ஸ்கேட்டர்களின் யாத்திரைத் தலமாயின. நகரம் ஸ்கேட்டிங் போன்ற சாகச விளையாட்டுகளுக்கான எக்ஸ் கேம்ஸ் போட்டியை 2001-லும் 2002-லும் வரவேற்று நடத்தியது; அதே 2002-இல் அந்தச் சதுக்கத்தைப் புதுப்பிப்பதாகச் சொல்லிக் கருங்கல் இருக்கைகளை அகற்றித் தடையைக் கடுமையாக்கியது. 92 வயதான பேக்கன் அந்த ஆண்டு அக்டோபரில் தலைக்கவசம் அணிந்து, இருபுறமும் ஆட்கள் தாங்கிக்கொள்ள, தம் கருத்தில் உருவான சதுக்கத்திலேயே பலகையில் ஏறி நகர்ந்து தம் எதிர்ப்பைக் காட்டினார். 2004-இல் ஒரு காலணி நிறுவனம் பராமரிப்புக்காக 10 லட்சம் டாலர் தர முன்வந்தது, நகரம் மறுத்தது. மாற்றாகப் பெய்ன்ஸ் பார்க் என்ற ஸ்கேட்டிங் பூங்கா 2013-இல்தான் திறக்கப்பட்டது. 2016-இல் சதுக்கம் இடிக்கப்படுவதற்கு முந்தைய சில நாட்கள் மட்டும் தடை நீக்கப்பட்டது. நடுவில் போன பத்தாண்டுகளில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் பெரியவர்களாகிவிட்டார்கள்.

ஆகவே மாற்று இடம் என்ற பேச்சு வந்தால் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். பழைய இடம் மூடப்படும் முன் புதியது திறக்குமா? அதற்கான பணம் இப்போதே ஒதுக்கப்பட்டிருக்கிறதா? அங்கே கட்டணமோ வேலியோ மூடும் நேரமோ உண்டா? நகரத்தின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் அது இருக்குமா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் அமைக்கப்படும் பூங்காவுக்குப் கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் மாலை நேரத்தில் போவது அரிது. பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருப்பதற்குக் கூடுதலாக வந்தால் மனமார வரவேற்க வேண்டும்.

இரண்டும் ஒருசேர இருக்க முடியும் என்பதற்கு ஸ்வீடனின் மால்மோ சான்று. அங்கே ஸ்கேட்டர்களின் சங்கமான ப்ரிக்கேரியட் 1998-இல் ஓர் உள்ளரங்கைத் தொடங்கியது. பழைய கப்பல் கட்டும் தளப் பகுதியில் நகரம் 2005-இல் பெரிய பூங்காவைக் கட்டியது. ஸ்கேட்டிங்கைப் பாடத்தோடு இணைத்த ஒரு மேல்நிலைப் பள்ளியும் பிறகு வந்தது. நகராட்சியே ஸ்கேட்டிங் ஒருங்கிணைப்பாளர் ஒருவரை ஊதியம் கொடுத்து அமர்த்தியிருக்கிறது. சதுக்கங்களில் இருக்கை வைக்கும்போதே எந்த விளிம்பில் உரசினால் தாங்கும் என்று அங்கே யோசிக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியா வேண்டாமென்று பெயர்த்தெடுத்த லவ் பார்க் கருங்கற்களில் ஒரு பகுதி கடல் கடந்து சென்று சேர்ந்ததும் இந்த ஊருக்குத்தான்.

உடன்பாட்டை எழுத்தில் முடியுங்கள்

சவுத்பேங்கில் இன்னொரு பாடமும் உண்டு. 2000-களின் நடுப்பகுதியில் அடித்தளத்தின் பெரும்பகுதி ‘தற்காலிகமாக’ என்று சொல்லி அடைக்கப்பட்டது. தேதி இல்லாத தற்காலிகம் அது. ஆண்டுகள் உருண்டோடியும் அந்தப் பகுதி திறக்கப்படவில்லை. அதனால்தான் 2014 செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்டபோது வாய்ச்சொல்லோடு ஸ்கேட்டர்கள் நிற்கவில்லை. அடித்தளம் கட்டணமின்றித் திறந்திருக்கும் என்ற உறுதி, லாம்பெத் கவுன்சிலும் ஒரு தரப்பாக உள்ள திட்டக் கடப்பாட்டு ஒப்பந்தமாக எழுதப்பட்டது. 1990-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின் கீழ் வரும் அத்தகைய ஒப்பந்தம் நிலத்தோடு சேர்ந்து போகும். நிர்வாகம் மாறினாலும் குத்தகை கைமாறினாலும் கட்டுப்படுத்தும். பதிலுக்கு ஸ்கேட்டர்கள் தாங்கள் போட்டிருந்த கிராமப் பொதுத்திடல் விண்ணப்பத்தைக் கைவிட்டார்கள். விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக அதைவிட உறுதியான ஒன்றைப் பெற்றுக்கொண்டார்கள் என்பதே என் கணிப்பு.

நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் எந்தப் பரப்பு என்பது வரைபடத்தோடு இருக்க வேண்டும். பராமரிப்பு யார் செலவு, பழுது காரணமாக மூடினால் எத்தனை நாட்களுக்குள் திறக்க வேண்டும், விதிகளை மாற்ற வேண்டுமானால் யாரைக் கேட்க வேண்டும் என்பவையும் இருக்க வேண்டும். உங்கள் சார்பில் ஒப்பமிடுபவர் தனிமனிதராக இல்லாமல் பதிவு பெற்ற அமைப்பாக இருப்பது அவசியம். இன்று முன்னணியில் நிற்கும் இளைஞர் நாளை வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விடலாம். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். கட்டணமின்றி ஆலோசனை தரும் சட்ட மையங்கள் பல நகரங்களில் உள்ளன.

ஒப்பந்தத்துக்குப் பிறகும் வேலை தொடரும். அடைத்து வைக்கப்பட்ட பகுதியை மீட்டுச் சீரமைக்க சவுத்பேங்க் சென்டரும் ஸ்கேட்டர்களும் 2017-இல் கைகோத்து நிதி திரட்டத் தொடங்கினார்கள். முன்பு எதிரெதிரே நின்ற இரு தரப்பும் சேர்ந்து 2019-இல் அதைத் திறந்தன. சமூக மதிப்புள்ள சொத்து என்ற பதிவு ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகும், மறுபடி விண்ணப்பித்தால்தான் தொடரும். அந்தக் காலாவதித் தேதியையும் பொது இடப் பாதுகாப்பு ஆணை முடியும் தேதியையும் அமைப்பின் நாட்காட்டியில் ஆறு மாதம் முன்னதாகவே குறித்து, யார் பொறுப்பு என்று பெயரெழுதி வையுங்கள்.